ஒப்பீட்டு ஆள்

தீப்பெட்டி அளவில் ஆறு.
மூன்று அவருக்கு, மூன்று எனக்கு.
கணுக்காலுக்கு இரண்டு, இடுப்புக்கு ஒன்று.
"உங்களுக்கு எதுவும் இல்லைம்மா,
நீங்க ஒப்பீட்டு ஆள்" என்றாள் பிரதீபா.
கேத்தியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த குளிர்
பட்டையை இறுக்கும் விரல்களில் இன்னும் இருந்தது.

எதுவும் இல்லாத ஆள்.
அறுபத்தொரு வயதில்
எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம்.

ஒரு வாரம் கட்டியிருக்க வேண்டும்.
குளிக்கும்போது கழற்றலாம்.
ராத்திரி சார்ஜ் போட வேண்டும்,
வீட்டில் பிளக் ஒன்றுதான் என்பதால்
அவர் கால்கள் முதலில்
என் கால்கள் பிறகு.

ஹில்குரோவுக்கும் ரன்னிமேடுக்கும் நடுவில்
இருபத்தொன்பது வருடம்
சுத்தியலும் ஸ்பேனருமாய்ப்
பல்சக்கரப் பாதையை நடந்தே அளந்த
கீமேன் குழந்தைவேலு.
தளர்ந்த சாவியைத்
தட்டின சத்தத்திலேயே பிடிப்பார்.
அந்தக் கால்தான் இப்போது
கக்கூஸ் வாசலில் ஒட்டிக்கொள்கிறது.
உள்ளே போக மனசு இருக்கிறது,
அவசரம் இருக்கிறது,
கால் மட்டும் சிக்னல் விழாத வண்டி.
தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவைத்தேன்
ஸ்லீப்பர் கட்டை மாதிரி.
கோட்டைக் கண்டால் தாண்டுவார்.
துடைத்தால் அழியும்.
மறுபடி போடுவேன்.

எட்டாம் நாள்
திரையில் எங்கள் வாரம் ஓடியது.
அவர் வரி மேலே, என் வரி கீழே.
மேலே நின்றால் கீழேயும் நின்றது.
டாக்டர் ஓரிடத்தில் பேனாவை வைத்தார்:
"செவ்வாய் காலை ஆறு ஐம்பது.
பதினோரு நிமிஷம் அசைவே இல்லை.
இவ்வளவு நீளமான உறைதலா?"
"அது காட்டெருமை" என்றார் இவர்.
"பால் பூத் வளைவுல நின்னுது.
அது போற வரைக்கும் நாங்களும் நின்னோம்."
பிரதீபா சிரித்தாள்.
டாக்டர் குறித்துக்கொண்டார்,
யார் கணக்கில் என்று தெரியவில்லை.

பிறகு என் வரி.
வலது காலில் வலி உண்டா? இல்லை.
மூட்டு? இல்லை.
தலைசுற்றல்?
"அப்புறம் ஏன் இவ்வளவு குட்டி அடி?
பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒருதரம்
இடுப்பு இடது பக்கம் திரும்புதே."
எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.
இடது பக்கம், கொஞ்சம் பின்னால்தான்
அவர் வருவார்.

"நீங்க ஒப்பீட்டுக்கு ஆக மாட்டீங்கம்மா."
சம்பளத்தைக் கையில் கொடுத்து
வேலையிலிருந்து நிறுத்துகிறவள் போல
மெதுவாகச் சொன்னாள்.

ஆனால் வியாழக்கிழமை ஒன்று இருந்தது.
"நாலு பத்திலிருந்து நாலு முப்பத்தாறு வரை
அடி நீளம் ஒன்றரை மடங்கு.
எங்கே போனீங்க?"
"ரேஷன் கடை" என்றேன்.

ரேஷன் கடை அன்று பூட்டியிருந்தது.
அவரோடு பக்கத்து வீட்டு ஆக்னஸ் இருந்தாள்.
காலிப் பை என் கக்கத்தில்.
திரும்பியிருக்கலாம்.
பெட்போர்டில் மேல் பக்கம் ஏறினேன்,
சிம்ஸ் பார்க் கேட் வரைக்கும்.
டிக்கெட் எடுக்கவில்லை, ஒரு பூவும் பார்க்கவில்லை.
மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது,
புடவை முழங்காலில் அடித்தது,
மூச்சு வாங்கியது.
ஒருதரம்கூடப் பின்னால் பார்க்கவில்லை.
கேட்டைத் தொட்டேன். ஈர இரும்பு.
இறங்கி வந்துவிட்டேன்.
காலில் பட்டை இருந்தது மறந்தே போயிருந்தது.

காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.
வீட்டில் அதை மடியில் விரித்து
நடுங்கும் கட்டைவிரலை வரிமேல் ஓட்டினார்,
லைன் பார்க்கிறபோது செய்வது போலவே
ஒவ்வொரு மூட்டாக.
வியாழனில் விரல் நின்றது.
உறைந்துவிட்டது என்று நினைத்துக்
கையைப் பிடிக்கப் போனேன்.

"இந்த இடத்துல ரோடு ஏத்தம்" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ரேஷன் கடை இறக்கத்தில் இருக்கிறது.

காகிதத்தை நாலாக மடித்தார்,
அதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.
"சாக்பீஸ் தீரப்போகுது.
வியாழக்கிழமை நீயே போய் வாங்கிட்டு வா."

டப்பாவில் இன்னும் ஒன்பது இருந்தன.